மூன்று சக்கரக் காரின் டிரைவ் பெல்ட்டும் ஸ்ப்ராக்கெட்டும்: வீட்டிலேயே பராமரிக்க முழுமையான வழிகாட்டி

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. இப்படிப்பட்ட கார்களில் இன்ஜின் முன்னால் இருக்கும். கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை ஒரு பெவல் பாக்ஸ் பக்கவாட்டில் திருப்பிவிடும். அங்கிருந்து பின் சக்கரம் வரை பல் வைத்த ஒரு பெல்ட் ஓடும். பெல்ட்டின் இரு முனையிலும் அதன் பற்களைக் கவ்வும் பல்சக்கரம்தான் ஸ்ப்ராக்கெட். 2011-இல் அறிமுகமாகி 2021 வரை தயாரான மோர்கன் 3 வீலரில் இந்த ஏற்பாடுதான். 2014-இல் அறிமுகமான போலாரிஸ் ஸ்லிங்ஷாட்டிலும் பின் சக்கரத்தைச் சுற்றுவது கார்பன் இழை கலந்த பெல்ட்தான். 1909-இல் எச்.எஃப்.எஸ். மோர்கன் செய்த முதல் மூன்று சக்கர வண்டியில் அந்த இடத்தில் செயின் இருந்தது.

செயின் பழுதானால் சத்தம் போட்டுக் கூப்பிடும். பெல்ட் கூப்பிடாது. எண்ணெய் கேட்காது, செயின் போல நீளாது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பேசாமல் ஓடும். அதனாலேயே நாம் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் பெல்ட் தானாகத் தேய்ந்து போவது அபூர்வம். நடுவில் மாட்டிய கல், தப்பான டென்ஷன் (பெல்ட்டின் இறுக்கம்), தேய்ந்த ஸ்ப்ராக்கெட் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் அதைக் கெடுக்கிறது. மூன்றையுமே வீட்டில், கையால் சுற்றிப் பார்த்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம்.

கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது மூன்று சக்கரக் காருக்கே உரிய தொல்லை. நான்கு சக்கர வண்டிகள் ஓடி ஓடி சாலையில் இரண்டு தடங்கள் சுத்தமாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள பட்டையில்தான் பொடிக் கல், மணல், சொட்டிய ஆயில் எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும். நம் காரின் பின் சக்கரம் ஓடுவது அந்தப் பட்டையின் மேல். டயர் கிளப்பும் கல் பெல்ட்டுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில் விழுந்தால், அடுத்த சுற்றில் பெல்ட் அதை நசுக்கப் பார்க்கும். கல் நசுங்காது, பெல்ட்டுக்குள் இருக்கும் இழைதான் முறியும். ஒரு முறை என் பெல்ட்டின் முதுகில் சின்னதாக ஒரு புடைப்பு தெரிந்தது. விரலால் தடவித்தான் கண்டேன், கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. திருப்பிப் பார்த்தால் பல்லுக்கு அடியில் சுண்டு விரல் நகத்தில் பாதி அளவுக் கல், உள்ளே புதைந்தே இருந்தது. அன்றிலிருந்து கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் முதுகு முழுவதையும் விரலால் தடவுகிறேன்.

தூக்குவதற்கு முன்னால்

இந்தக் கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். கியரில் போட்டு நிறுத்தினாலும், இன்ஜினின் பிடிப்பு பெல்ட் வழியாக அதே சக்கரத்துக்குத்தான் போகிறது. அந்த ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் காரைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை. முன் சக்கரங்கள் இரண்டும் சும்மா உருளும். நான்கு சக்கரக் காரில் பழகிய கை இதை எளிதில் மறந்துவிடும்.

ஆகவே சமதளமான, கெட்டியான தரை வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்பக்கமும் பின்பக்கமுமாக நான்கு முட்டுக்கட்டைகள். அப்புறம்தான் ஜாக். தயாரிப்பாளர் குறித்த இடத்தில் ஜாக்கை வைத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுத்து, எடையை அவற்றின் மேல் இறக்குங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் கை விட வேண்டாம். காரைப் பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள்.

கியர் நியூட்ரலில், சாவி பாக்கெட்டில். சக்கரத்தைச் சுற்றுவது எப்போதும் கையால் மட்டுமே. இன்ஜினை ஓட்டிக்கொண்டு பெல்ட்டைப் பார்க்கலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. கையால் சுற்றும்போதும் விரல் பெல்ட்டின் உள்பக்கம் போகக்கூடாது. சக்கரத்தின் கனத்துக்கு மெதுவாகச் சுற்றினாலே விரலை ஸ்ப்ராக்கெட்டுக்குள் இழுத்துவிடும். ஒரு கை டயரில் இருக்கட்டும், மற்றக் கை பெல்ட்டின் முதுகில், ஸ்ப்ராக்கெட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும். தடவும்போது சுற்றாதீர்கள், சுற்றி, நிறுத்தி, தடவி, மறுபடி சுற்றுங்கள்.

தேவையான கருவிகள் அதிகமில்லை: டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் ஸ்பானர்), ஸ்டீல் ஸ்கேல், பெல்ட் டென்ஷன் கேஜ், நல்ல டார்ச், மென்மையான பிரஷ், உலோகத்தில் கோடு கிழிக்கும் ஊசி, சாக்பீஸ். கூடவே உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல். டென்ஷன் அளவும் நட்டுகளின் டார்க் அளவும் வண்டிக்கு வண்டி மாறும். அவற்றை அந்தப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுங்கள். கீழே நான் தரும் பொது அளவுகள் புரிந்துகொள்வதற்காக.

கழுவுதல்

வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, பிரஷ். அவ்வளவுதான். பெட்ரோல், டீசல், துரு நீக்கும் ஸ்ப்ரே, செயின் லூப் எதுவும் பெல்ட்டின் பக்கமே வரக்கூடாது. பெல்ட் உலர்ந்து ஓடவே செய்யப்பட்டது. எண்ணெய் பட்ட பெல்ட் மணலை ஒட்டவைத்துக்கொண்டு உப்புத்தாள் போல ஸ்ப்ராக்கெட்டை அராவும். பெல்ட்டில் ஆயில் ஈரம் தெரிந்தால் துடைத்துவிட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெவல் பாக்ஸின் ஆயில் சீல் கசிவது வழக்கமான காரணம். சீலை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் துடைத்து என்ன பயன்?

கழுவுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் தூசியின் நிறத்தைக் கவனியுங்கள். கறுப்புப் பொடி என்றால் பெல்ட் எங்கோ உரசுகிறது. முன் ஸ்ப்ராக்கெட்டின் நடுவில், ஷாஃப்ட் பள்ளங்களைச் சுற்றிச் செந்நிறப் பொடி என்றால், ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டின் மேல் நுண்ணியதாக ஆடி இரும்பு தேய்கிறது. கழுவிவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும்.

பெல்ட்டைப் படிப்பது

சாக்பீஸால் ஒரு பல்லின் முதுகில் குறி போடுங்கள். அங்கிருந்து ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தி, குறி திரும்ப வரும்வரை முழுச் சுற்றும் பாருங்கள். பார்ப்பதற்கு நல்ல இடம், பெல்ட் பின் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி வளையும் இடம்; வளையும்போதுதான் விரிசல் வாய் திறக்கும். பற்களைப் பார்க்க, மேல் ஓட்டத்துக்கும் கீழ் ஓட்டத்துக்கும் (இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு இடையே பெல்ட் நேராகப் போகும் பகுதிகள்) நடுவில் டார்ச் அடியுங்கள்.

ஒரு பல் போயிருந்தாலும், பல்லின் அடியில் வெளியே தெரியும் விரிசல் இருந்தாலும், பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கி போலத் தேய்ந்திருந்தாலும் பெல்ட் முடிந்தது. அடுத்த பயணத்துக்கு முன்னால் மாற்றுங்கள். ஒரு பல் போன பெல்ட்டில் அந்தப் பல்லின் சுமையைப் பக்கத்துப் பற்கள் ஏற்கும், பிறகு அவையும் வரிசையாகப் போகும். ஓரத்தில் மெல்லிய பஞ்சு போல இழை பிரிந்திருப்பது அவ்வளவு மோசமில்லை, ஆனால் அலைன்மென்டைச் சரிபார்க்கச் சொல்லும் அறிகுறி. ஓரமே கந்தலாகி உள் இழை தெரிந்தால் அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

கல் குத்திய ஓட்டையை இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அகலத்தின் நடுவில் சின்னதாக இருந்தால், குறித்து வைத்துக்கொண்டு அடிக்கடி பார்க்கலாம். ஓரத்தில் இருந்தால் மாற்றிவிடுங்கள். கிழிசல் ஓரத்திலிருந்துதான் உள்ளே ஓடும். என் சொந்தக் கருத்து: ஓட்டை நடுவில் இருந்தாலும் உள் இழை வெளியே தெரிந்தால் நான் அந்தப் பெல்ட்டில் நீண்ட பயணம் போக மாட்டேன். இரண்டு சக்கர வண்டி என்றால் ஓரம் கட்டித் தள்ளிக்கொண்டாவது போகலாம், இந்தக் காரைத் தள்ள முடியாது.

ஸ்ப்ராக்கெட்: பலரும் பார்க்காமல் விடுவது

பெல்ட்டை மாற்றுபவர்கள் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பார்வை பார்த்து, "பல் இருக்கிறது, போதும்" என்று விட்டுவிடுவார்கள். நானும் அப்படி ஒரு முறை விட்டேன். புதுப் பெல்ட்டின் பற்கள் சில மாதங்களிலேயே பளபளவென்று தேய்ந்து வந்தன. ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் வடிவம் மாறாமல்தான் இருந்தன. மேல் பூச்சு மட்டும் போயிருந்தது.

அலுமினிய ஸ்ப்ராக்கெட் என்றால் அதன் மேல் கடினமான ஒரு பூச்சு இருக்கும், குரோமாகவோ கெட்டி அனோடைஸாகவோ. பெல்ட்டின் உரசலைத் தாங்குவது அதுதான். அது போனதும் மெத்தென்ற அலுமினியம் வெளியே வந்து, சொரசொரத்து, பெல்ட்டை அரைக்கும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் அடியில் கோடு கிழிக்கும் ஊசியை வைத்து, மிதமான அழுத்தத்தில் குறுக்கே இழுங்கள். ஊசி வழுக்கிக்கொண்டு போனால் பூச்சு இருக்கிறது. ஊசி கடித்து, கண்ணுக்குத் தெரியும் கீறல் விழுந்தால் நீங்கள் கிழித்தது வெறும் அலுமினியத்தை. அந்த ஸ்ப்ராக்கெட்டின் மேல் புதுப் பெல்ட் போடாதீர்கள். நான்கைந்து இடங்களில் சோதியுங்கள். தேய்மானம் எல்லாப் பள்ளத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

அப்புறம் பல்லின் பக்கச் சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படி போல ஒரு விளிம்பு தட்டினால் பெல்ட் அந்த இடத்தில் குழி பறித்திருக்கிறது. இரண்டு பக்க விளிம்புத் தகடுகளில் ஒன்று மட்டும் பளபளத்தால் பெல்ட் அந்தப் பக்கமாகவே அழுந்துகிறது. சின்ன ஸ்ப்ராக்கெட் ஒரு பயணத்தில் அதிக முறை சுற்றுவதால் முதலில் தேய்வது அதுதான். ஆனால் மூடிக்குள் இருப்பதால் கடைசியாகப் பார்க்கப்படுவதும் அதுதான். மூடியைக் கழற்றச் சோம்பல் படாதீர்கள். கல்லும் மணலும் கூட அந்த மூடிக்குள்தான் குவிந்திருக்கும்.

முன் ஸ்ப்ராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சமும் ஆடக்கூடாது. ஆடினால் நட் தளர்ந்திருக்கலாம், ஷாஃப்டின் பள்ளங்கள் தேய்ந்திருக்கலாம், பெவல் பாக்ஸ் பேரிங் போயிருக்கலாம். மூன்றாவது வீட்டு வேலை அல்ல, பட்டறைக்குப் போக வேண்டும். பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி அதன் பேரிங்கையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பேரிங்கில் ஆட்டம் இருக்கும்போது டென்ஷன் வைப்பது வீண் வேலை.

டென்ஷன்

தளர்ந்த பெல்ட் பல் தாண்டும். வேகமாகக் கிளம்பும்போதோ, கியரைக் குறைக்கும்போதோ, ரிவர்ஸில் ஏற்றத்தில் ஏறும்போதோ "டக்" என்று அடிக்கும். ரிவர்ஸ் முக்கியம்: முன்னோக்கி ஓடும்போது இழுபடும் ஓட்டம் அப்போது தளரும், வழக்கமாகத் தளர்ந்திருக்கும் ஓட்டம் முழுச் சுமையையும் ஏற்கும். இரு சக்கர வண்டிகளில் பெரும்பாலும் ரிவர்ஸே இல்லை, ஆகவே இந்தத் தொல்லையும் கிடையாது. ஒரே ஒரு முறை பல் தாண்டினாலும் உள்ளே இருக்கும் இழை சேதமாகியிருக்கலாம். மாறாக, அதிக இறுக்கம் ஊளையிடும், பெவல் பாக்ஸின் பேரிங்கையும் சக்கர பேரிங்கையும் தின்னும். பெல்ட்டை விட பேரிங் வேலை பல மடங்கு பெரியது.

எப்போதும் வண்டி ஆறிய பிறகே அளக்க வேண்டும். சூட்டில் ஸ்ப்ராக்கெட்டும் சட்டமும் விரியும், பெல்ட்டுக்குள் உள்ள கார்பன் அல்லது அராமிட் இழை ஏறக்குறைய விரியாது. அதனால் ஓடி வந்த வண்டியில் பெல்ட் இறுக்கமாகக் காட்டும். அதைப் பார்த்துத் தளர்த்தினால் காலையில் தொங்கும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளப்பது என் வழக்கம்.

சக்கரம் தொங்கும்போது அளப்பதா, காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போதா? முன் ஸ்ப்ராக்கெட்டின் மையமும் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) அச்சும் ஒரே இடத்தில் இல்லாத வண்டியில், சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு நடுவே உள்ள தூரம் மாறும், டென்ஷனும் கூடவே மாறும். மையம், அச்சு, ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது தூரம் அதிகபட்சம், அப்போது பெல்ட் மிக இறுக்கம். மேனுவலில் எந்த நிலை சொல்லியிருக்கிறதோ அதே நிலையில்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

பழைய முறை, அழுத்திப் பார்ப்பது. கீழ் ஓட்டத்தின் நடுவில் கேஜை வைத்துச் சொன்ன விசையில் அழுத்தி, எவ்வளவு வளைகிறது என்று ஸ்கேலில் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பெல்ட்டுகளில் 4.5 கிலோ அழுத்தம் பழக்கமான அளவு. தொழிற்சாலை பெல்ட்டுகளில், ஸ்ப்ராக்கெட்டைத் தொடாமல் ஓடும் நீளத்தில் 64-இல் ஒரு பங்கு வளைவுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பார்கள். 500 மில்லிமீட்டர் ஓட்டம் என்றால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். இந்த முறையில் கேஜ் சாய்ந்தாலே அளவு தப்பும், ஆகவே மூன்று முறை அளந்து பாருங்கள்.

எனக்குப் பிடித்தது ஒலி முறை. தந்தியை மீட்டுவது போல ஓட்டத்தின் நடுவில் பெல்ட்டை விரலால் தட்டினால் அது ஓர் அதிர்வெண்ணில் அதிரும். போனில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, மைக்கைப் பெல்ட்டின் அருகே பிடித்தால் எண் தெரியும். இழுவிசை என்பது, 4-ஐ ஒரு மீட்டர் பெல்ட்டின் எடை, ஓட்ட நீளத்தின் வர்க்கம், அதிர்வெண்ணின் வர்க்கம் ஆகியவற்றால் பெருக்கினால் வருவது. ஓர் உதாரணம்: மீட்டருக்கு 0.2 கிலோ எடையுள்ள பெல்ட், 0.5 மீட்டர் ஓட்டம், 50 ஹெர்ட்ஸ் என்றால் 500 நியூட்டன். அதே பெல்ட் 55 ஹெர்ட்ஸ் காட்டினால் 605 நியூட்டன். ஐந்து ஹெர்ட்ஸ்தானே கூடியது என்று விட முடியாது, இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. மேனுவலில் அதிர்வெண்ணாகவே கொடுத்திருந்தால் கணக்கே வேண்டாம். சுற்றிலும் அமைதி வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.

எந்த முறையானாலும் ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். சக்கரத்தைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள். ஸ்ப்ராக்கெட் கொஞ்சமாவது மையம் தள்ளிச் சுற்றும், ஆகவே எண்கள் வேறுபடும். மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே வைத்தே டென்ஷனைச் சரிசெய்யுங்கள். தளர்ந்த இடத்தில் வைத்தால் இறுக்கமான இடம் வரும் ஒவ்வொரு சுற்றிலும் பேரிங் அடி வாங்கும். வேறுபாடு மிக அதிகமாக இருந்தால் ஸ்ப்ராக்கெட் வளைந்திருக்கிறதா, ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இறுக்குவதும் நேராக வைப்பதும்

ஆக்சிலைப் பின்னால் நகர்த்தி இறுக்கும் வகையில், முதலில் ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம், ஆக்சில் நகர்ந்தால் போதும். பிறகு இரண்டு பக்க அட்ஜஸ்டர் போல்ட்டுகளையும் கால் சுற்றுக் கால் சுற்றாகச் சமமாகத் திருப்புங்கள். சாதாரண எம்8 போல்ட் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் நகரும். கால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.3. பெல்ட்டுக்கு இதுவே பெரிய மாற்றம். ஒவ்வொரு முறையும் சக்கரத்தை இரண்டு மூன்று முறை முன்னோக்கிச் சுற்றிப் பெல்ட்டை உட்காரவிட்டு, அப்புறம் அளந்து பாருங்கள்.

ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை முழுவதும் நம்ப வேண்டாம். ஸ்விங் ஆர்ம் அச்சின் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். கோணப் பிழை கால் டிகிரிக்குள் இருக்க வேண்டும். 500 மில்லிமீட்டர் நீளத்தில் அது 2 மில்லிமீட்டர்தான். கடைசித் தீர்ப்பு பெல்ட் ஓடும் விதம்: சக்கரத்தை முன்னோக்கிப் பத்து முறை சுற்றுங்கள், பெல்ட் எந்த ஓரத்துக்குப் போகிறது என்று பாருங்கள். விளிம்பை லேசாகத் தொட்டுக்கொண்டு ஓடுவது இயல்பு. விளிம்பில் அழுந்தி, ஓரம் மடங்கி, கிரீச்சிட்டால் அந்தப் பக்க அட்ஜஸ்டரைச் சிறிது இறுக்குங்கள். பெல்ட் தளர்ந்த பக்கமாக நகரும்.

ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகு மறுபடி அளப்பதை யாரும் விட்டுவிடக்கூடாது. நட்டை இறுக்கும்போது ஆக்சில் சற்றே இழுபட்டு, நீங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து வைத்த அளவு மாறிவிடும். பல முறை எனக்கு இங்கேதான் திரும்ப ஆரம்பிக்க வேண்டி வந்திருக்கிறது. அளவு நின்றதும் புதிய காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்க வளைத்துவிடும் ஊசி) போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள். ஆக்சிலை நகர்த்தியதால் பிரேக் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

புதுப் பெல்ட் போடும்போது

பெல்ட் தொடர் வளையம். இடையில் பிரிக்க முடியாது. அதனால் பின் சக்கரத்தையும், பல மாடல்களில் ஸ்விங் ஆர்மின் ஒரு பகுதியையும் கழற்ற வேண்டும். அதற்கான வரிசை மேனுவலில் இருக்கும். பெல்ட்டைக் கையாள்வதில்தான் தவறு நடக்கிறது. கார்பன் இழை இழுப்பைத் தாங்கும், மடிப்பைத் தாங்காது. பெல்ட்டை முறுக்கக்கூடாது, உள்வெளியாகத் திருப்பக்கூடாது, முன் ஸ்ப்ராக்கெட்டின் விட்டத்தை விடச் சிறிய வளையமாக மடக்கக்கூடாது, கட்டிப் போட்டு ஆணியில் தொங்கவிடக்கூடாது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் ஓரத்து இழை அங்கேயே முறியும், வெளியே அடையாளமே தெரியாது, பின்னர் ஒரு நாள் அறுந்து போகும். ஆக்சிலை முன்னால் தள்ளித் தூரத்தைக் குறைத்து, கையாலேயே மெதுவாக ஏற்றுங்கள்.

கழற்றிய பழைய பெல்ட்டை மறுபடி போடுவதானால், முன்பு ஓடிய திசையிலேயே போடுங்கள். கழற்றும் முன் சாக்பீஸால் ஓர் அம்பு வரைந்துவிட்டால் குழப்பமில்லை. புதுப் பெல்ட்டுக்கும் ஓடிய பெல்ட்டுக்கும் மேனுவலில் தனித்தனி டென்ஷன் அளவு இருக்கலாம், கவனித்துப் பாருங்கள். இழை நீளாது; ஆனால் பற்கள் ஸ்ப்ராக்கெட்டில் உட்காரும்போது டென்ஷன் கொஞ்சம் இறங்கும்.

எல்லாம் முடிந்ததும் ஸ்டாண்டை எடுத்துக் காரை இறக்கி, முட்டுக்கட்டைகளை எடுத்துவிட்டு, ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் ரிவர்ஸில், இரண்டு முறை நன்றாகப் பிரேக் பிடித்து. டக் சத்தமோ, வேகத்தோடு ஏறும் ஊளையோ இருந்தால் அன்றே திரும்பப் பாருங்கள். இல்லையென்றால் வண்டியை விட்டுவிட்டு மறுநாள் காலையில், ஆறிய நிலையில், அதே நான்கு இடங்களில் அளந்து தேதியோடும் கிலோமீட்டரோடும் நோட்டில் எழுதுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை, அப்புறம் மேனுவல் சொன்ன இடைவெளியில். கரடான சாலையில் போய் வந்த நாளில் மட்டும் இடைவெளியைப் பார்க்காதீர்கள். டார்ச்சை எடுத்துக் குனிந்து, மூடிக்குள் கல் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள்.